ஆச்சு, ஆகல

ராஜமணி டீச்சருக்குப் பொறாமை என்றால் என்னவென்றே தெரியாது என்றுதான் மாடத்துப்பட்டி அரசு உயர்நிலைப்பள்ளியில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். டீச்சரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். பொறாமைப்பட வேண்டுமென்றால் எதிரே ஒரு ஆள் வேண்டுமே! அந்தப் பள்ளியில் அவருக்கு எதிரே நிற்கும்படி யாரும் இருக்கவில்லை.

பத்தாம் வகுப்புக் கணக்கு அவருடையது. அதோடு விட்டதா? ஆண்டு விழாவுக்குப் பந்தல்காரரைப் பிடிப்பது, ஒழுகுகிற வகுப்பறைக்குத் தார்ப்பாய் வாங்கி வருவது, சத்துணவில் முட்டை அழுகியிருந்தால் சண்டை போடுவது, வராத பிள்ளையைத் தேடிக்கொண்டு போவது, எல்லாம் அவர்தான். மற்றவர்கள் அவர் தலையில் கட்டினார்கள் என்றும் சொல்லலாம், அவராகவே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார் என்றும் சொல்லலாம். ஆசிரியர் கூட்டத்தில் ஒரு காரியம் பேச்சில் வந்தால், "செஞ்சிரலாம்", "நாம பாத்துக்கிருவோம்" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். டீ வரும், குடிப்பார்கள், கலைந்துபோவார்கள். அந்த "நாம" யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. கொஞ்ச நாள் கழித்து ராஜமணி டீச்சர், "இதுக்கெல்லாம் நான் ஒருத்திதான் பெறந்தேனா?" என்று முனகிக்கொண்டே போய் முடித்துவிட்டு வருவார். "டீச்சர்ட்ட விட்டா முடிஞ்சிரும்" என்பார்கள். அந்த ஒரு பேச்சிலேயே டீச்சருக்கு வருசம் முழுக்க வயிறு நிறைந்துவிடும்.

இந்தக் குணம் சுருளிப்பட்டியிலிருந்து வந்தது. அப்பா அடுத்தவர் திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்குப் பார்த்தவர். பழம் பறிக்கிற அன்றைக்கு ஆள் வராவிட்டால் மகளைப் பள்ளிக்கூடம் போக விடாமல் பந்தலுக்குக் கீழே நிறுத்திவிடுவார். அடுத்தவரை நம்பினால் பழம் அழுகிவிடும் என்பது அந்தப் பெண்ணின் மண்டையில் அப்போதே ஏறிவிட்டது. படித்து, வேலைக்கு வந்து, கம்பத்தில் சொட்டுநீர்க் குழாய் விற்கிற கர்ணனைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளை வளர்த்து வெளியூருக்கு அனுப்பியும் ஆயிற்று. அது மட்டும் மண்டையை விட்டு இறங்கவே இல்லை.

தலைமை ஆசிரியர் பதவி உயர்வு ஒரு தடவை அவருக்கு வந்தது. ராமநாதபுரம் பக்கம் போட்டார்கள். "நான் போயிட்டா இங்கன ஒரு வேலையும் நடக்காது" என்று வேண்டாமென எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்காக அவர் வருத்தப்பட்டதே இல்லை, லத்திபா வந்து இங்கே தலைமை ஆசிரியர் நாற்காலியில் உட்காரும் வரைக்கும்.

லத்திபா உத்தமபாளையத்துக்காரர். கடமலைக்குண்டுப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தார். ராஜமணியைவிடப் பத்து வயதாவது இளையவர். வந்த முதல் திங்கட்கிழமையே, பிரேயர் முடிந்ததும் எல்லோரையும் ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளச் சொல்லி, நிற்க வைத்துப் பேசினார்.

"உக்காந்தா பேச்சு நீண்டுரும். இனிமே வாரா வாரம் இப்படித்தான். 'நாம'ங்கிற பேச்சு வேண்டாம். யாரு செய்யிறாகளோ அவுக 'நான் செய்யிறேன்'னு சொல்லட்டும். அடுத்த திங்கக்கிழமை அவுகளே ஒரு வார்த்தை சொல்லணும். ஆச்சு, இல்லைன்னா ஆகல. 'பாத்துக்கிட்டிருக்கேன்', 'சொல்லி வச்சிருக்கேன்', 'கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரி', இதெல்லாம் கெடையாது."

"ஆகலைன்னா என்ன மேடம் செய்வீக?" என்று சண்முகராஜ் சார் கேட்டார்.

"என்ன உதவி வேணும்னு கேப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ராஜமணி டீச்சரும் சிரித்தார். சோம்பேறிகளுக்கு வைத்த வேட்டு, நமக்கென்ன என்று இருந்தது அவருக்கு. வாரா வாரம் அவர் முறை வரும்போது "ஆச்சு" என்பார். "நன்றி டீச்சர்" என்று லத்திபா அடுத்த ஆளிடம் போய்விடுவார். அவ்வளவுதான். ஒரு பார்வை கூட மிச்சம் இருக்காது. அது டீச்சருக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் "ஆகல" என்ற சொல் அவர் வாயிலிருந்து ஒரு வாரமும் வரவில்லை. அது வராததில் அவருக்கு ஒரு கர்வம்.

சண்முகராஜ் சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சமூக அறிவியல் வாத்தியார். நல்ல மனிதர், நல்ல குரல், வகுப்பில் பாடம் நடத்தினால் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கும். அதற்கு மேல் ஒரு துரும்பை எடுத்து இந்தப் பக்கம் போட்டதில்லை. பல வருசமாக ராஜமணி டீச்சரின் கண்ணெதிரே உட்கார்ந்து முறுக்குத் தின்றவர். அந்த மனுசன், லத்திபா வந்த புதிதில், என்ன நினைத்தாரோ, பெண் பிள்ளைகள் கழிப்பறையில் தண்ணீர் வராத விசயம் பேச்சில் வந்தபோது, "நான் செய்யிறேன்" என்று சொல்லிவிட்டார். அறையே திரும்பிப் பார்த்தது.

அடுத்த திங்கள் "ஆகல" என்றார். என்ன வேணும் என்று லத்திபா கேட்டார். அதற்கடுத்த திங்களும் ஆகல. பிளம்பர் ஏமாற்றுகிறான் என்றார். லத்திபா தானே அவரோடு போய்ப் பிளம்பரைப் பார்த்தார். மறுபடி ஆகல, பஞ்சாயத்துக் குழாயிலேயே அடைப்பாம். வினோத்ராஜ் சாரைத் துணைக்குப் போகச் சொன்னார்கள். இப்படி இழுத்து இழுத்து ஒரு திங்கட்கிழமை சண்முகராஜ் சார் கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, "ஆச்சு" என்றார்.

லத்திபா கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். அறிவியல் டீச்சர் நதியா மறுநாள் ஒரு தூக்குவாளி நிறையக் கேசரி கிண்டிக்கொண்டு வந்தார். பத்தாம் வகுப்புப் பெண்கள் சண்முகராஜ் சார் உள்ளே வந்ததும் டெஸ்க்கைத் தட்டினார்கள். அந்தச் சத்தம் சுவர் தாண்டி ஒன்பதாம் வகுப்பில் வட்டம் வரைந்துகொண்டிருந்த ராஜமணி டீச்சருக்குக் கேட்டது. கேசரியைத் தொடவில்லை. சர்க்கரை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அவருக்குச் சர்க்கரை கிடையாது.

இதே கழிப்பறைக்காகப் பஞ்சாயத்து ஆபீசுக்கு அவர் நடந்த நடை யாருக்கு நினைவிருக்கிறது? தொட்டி கட்டியதே அவர் நடந்ததால்தான். அன்றைக்கு யாராவது கேசரி கிண்டினார்களா? ஒரு குழாயைத் திருகிவிட்டதற்கு இந்தக் கூத்தா? வயிறு எரிந்தது. உவமைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே எரிந்தது. வீட்டுக்கு வரும் வழியில் மருந்துக் கடையில் நிறுத்தி ஜெலூசில் வாங்கினார்.

"வருசம்பூரா செய்யிறேன், எனக்கு யாராச்சும் ஒரு கை தட்டுனாகளா?" என்று கர்ணனிடம் வெடித்தார்.

கர்ணன் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீ செய்வன்னு எல்லாருக்கும் தெரியும். அவரு செய்ய மாட்டாருன்னும் தெரியும். அதான் தட்டிருக்காக" என்றார். அன்றைக்குச் சாம்பாரில் உப்பு இல்லை. கர்ணன் கேட்கவும் இல்லை.

இந்த எரிச்சல் அடங்காமல் இருக்கும்போதுதான் அடுத்த திங்கட்கிழமை அனுஷ்கா விசயம் வந்தது.

அனுஷ்கா பத்தாம் வகுப்பு. படிப்பாள். திடீரென்று வருவதை நிறுத்திவிட்டாள். கை பிசகியதால் அவள் அம்மா, கேரளா பக்கம் ஏலக்காய்க் காட்டுக்கு மகளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். தினமும் ஜீப்பில் போய் வருகிறவர்களாக இருந்தால் சாயங்காலம் பிடித்துவிடலாம். இவர்கள் எஸ்டேட்டில் கூலியாட்களுக்குக் கட்டிவிட்ட லயத்திலேயே தங்கிவிடுகிறவர்கள். மேலே போனும் எடுக்காது. சனிக்கிழமை சாயங்காலம் இறங்கினால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறுபடி ஏறிவிடுவார்கள். அந்த இடைவெளியில் பார்த்தால் உண்டு, விட்டால் ஒரு வாரம் போச்சு. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அறிவியல் செய்முறைத் தேர்வு வேறு. அதில் உட்காராவிட்டால் பெண் அடுத்துப் பொதுத்தேர்வுக்கும் வரமாட்டாள், காட்டோடு போய்விடுவாள். இதைப் பள்ளியில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

"நான் செய்யிறேன். சனிக்கிழமை சாயந்தரம் வீட்டுக்கே போயிக் கூப்பிட்டுட்டு வாரேன்" என்றார் ராஜமணி டீச்சர். அந்தத் தெருவில் டீச்சர் வாசலில் வந்து நின்று கூப்பிட்டால் பிள்ளையை அனுப்பாமல் இருக்கமாட்டார்கள். அது ஒரு வழக்கம்.

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பவும் செய்தார். முக்கில் டீக்கடை. அங்கே நாலைந்து பெற்றோர் நடுவில் சண்முகராஜ் சார் டீ குடித்துக்கொண்டிருந்தார். அதில் ஒருவர், முத்துவீரன் என்று வாழைக்காய் வியாபாரி, "சார் வந்தப்புறந்தான்யா பள்ளிக்கூடமே பள்ளிக்கூடமா இருக்கு" என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். வந்தப்புறமாம்! அந்த ஆள் பதினேழு வருசமாக இங்கேதான் முறுக்குத் தின்றுகொண்டிருக்கிறார் என்று டீச்சருக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

சண்முகராஜ் பார்த்துவிட்டார். "டீச்சர், அனுஷ்கா வீட்டுக்குத்தானே? அந்தப் பக்கம் ஜீப்புக்காரங்க எல்லாம் நம்ம ஆளுகதான். நானும் வரட்டா?"

அவர் நல்ல மனசோடுதான் கேட்டார். டீச்சருக்கு அது நன்றாகவே தெரிந்தது. ஆனால் அவர் வந்தால் என்ன ஆகும்? திங்கட்கிழமை இதுவும் அவர் கணக்கில் ஏறும். இதற்கும் கேசரி வரும்.

"இல்ல சார், நான் கடைக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு டீச்சர் வண்டியைத் திருப்பினார்.

நாளைக் காலையில் போய்க்கொள்ளலாம் என்று நினைத்தார். காலையில் பள்ளி வாட்ஸப் குரூப்பைத் திறந்தால் புதுக் குழாய்க்குப் பக்கத்தில் சண்முகராஜ் சார் நிற்கிற படம். நதியா போட்டிருந்தார். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள், பூங்கொத்துகள். லத்திபா ஒரு பூ போட்டிருந்தார். டீச்சர் அதைப் பார்த்தார், மூடினார், திறந்து மறுபடி பார்த்தார். ஆத்திரத்தில் வீட்டுத் திரைச்சீலை எல்லாவற்றையும் கழற்றித் துவைத்துப் போட்டார். துவைத்து முடித்து நிமிர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ஜீப் ஏறியிருக்கும்.

திங்கட்கிழமை வட்டமாக நின்றார்கள். லத்திபா, "அனுஷ்கா?" என்றார்.

சண்முகராஜ் சார் நேர் எதிரே நின்றார். அவர் முன்னால் "ஆகல" என்று சொல்வதா? இத்தனை வருசத்தில் முதல் தடவையாக, அதுவும் இந்த ஆள் பார்க்க?

"ஆச்சு" என்றார் டீச்சர். "வீட்டுல பேசிட்டேன். வந்துருவா."

சண்முகராஜ் அவரை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். "நன்றி டீச்சர்" என்று லத்திபா அடுத்த ஆளிடம் போனார்.

ஆகல என்று சொன்ன காரியத்தை நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆச்சு என்று சொன்னதை யார் பார்க்கப் போகிறார்கள்? அன்றைக்கு அனுஷ்கா வரவில்லை, ஒருவரும் கேட்கவில்லை. டீச்சர் சொல்லிவிட்டாரே, நாளைக்கு வருவாள் என்று இருந்தார்கள். செவ்வாயும் அவள் இடம் காலியாக இருந்தது. கணக்கு நடத்துகிறபோது டீச்சரின் கண் அங்கேயே போனது.

செவ்வாய் சாயங்காலம் அந்தத் தெருவுக்குப் போனார். எதிர்பார்த்த மாதிரியே வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுச் சங்கிலியம்மாள் துணி மடித்துக்கொண்டே பேசினாள்.

"இப்ப வாரீகளே டீச்சர்? சனிக்கிழமை அந்தப் புள்ள தலையைச் சீவி, யூனிபாரத்தை மடியில வச்சிக்கிட்டு வாசல்லயே உக்காந்திருந்துச்சு. டீச்சர் வந்து கூப்பிடுவாகன்னு கூடப் படிக்கிறவ யாரோ சொன்னாளாம். அவ ஆத்தாவும், 'கூப்பிட வந்தாகன்னா போயிருடி'ன்னுதான் சொன்னா. ஞாயித்துக்கிழமை ஜீப்பு வந்து ஆரன் அடிச்சும் ஏறாம நின்னுச்சு. யாரும் வரல. பள்ளிக்கூடத்துல பேரை எடுத்துட்டாக போலன்னு அழுதுகிட்டே ஏறிருச்சு."

"எந்த எஸ்டேட்டு?"

"எனக்கு என்னத்தத் தெரியும்? ஜீப்புக்காரங்களைத்தான் கேக்கணும்."

ராஜமணி டீச்சர் ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருகாமல் அப்படியே இருந்தார். ஜீப்புக்காரர்கள் யாரையும் அவருக்குத் தெரியாது. யாருக்குத் தெரியும் என்பது தெரியும்.

புதன்கிழமை பிரேயர் முடிந்து ஆசிரியர் அறைக்கு வந்ததும் டீச்சர், "மேடம், எல்லாரும் ஒரு நிமிசம் நில்லுங்க" என்றார். திங்கட்கிழமை இல்லையே என்று எல்லோரும் விழித்தார்கள்.

"அனுஷ்கா விசயம். ஆகல. நான் போகவே இல்ல. பொய் சொன்னேன்."

நதியா வாயில் கை வைத்துக்கொண்டார். லத்திபா முகம் மாறியது, கோபம் வந்தது நன்றாகத் தெரிந்தது. அதை விழுங்கிக்கொண்டு, எல்லோரிடமும் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"என்ன உதவி வேணும் டீச்சர்?"

திட்டுவார்கள் என்று டீச்சர் தயாராக வந்திருந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இந்தக் கேள்விக்குத் தயாராக இல்லை. வேலைக்கு வந்த நாளிலிருந்து இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. சண்முகராஜிடம் ஒவ்வொரு வாரமும் கேட்டார்களே, அப்போதெல்லாம் தன் வயிறு எரிந்தது கைதட்டலுக்காக மட்டும் இல்லை என்பது அவருக்கு அந்த இடத்தில் புரிந்தது. கண் நிறைந்துவிட்டது.

"சண்முகராஜ் சார் வரணும்" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் உயிர் போய் வந்தது.

சண்முகராஜ் அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தார். "ஏலே பால்பாண்டி, வண்டியை எடுத்துக்கிட்டு ஸ்கூலுக்கு வா."

ஏலக்காட்டுக்கு ஜீப் ஓட்டுகிற பால்பாண்டிக்கு எந்த லயத்தில் யார் இருக்கிறார்கள் என்பது அத்துப்படி. கம்பம் மெட்டு வளைவுகளில் ஜீப் ஏறியது. டீச்சர் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். மேலே குளிர். ஏலச் செடிகளுக்கு நடுவே தலையில் துண்டு கட்டிக்கொண்டு அனுஷ்கா குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். கிட்டே வரவில்லை.

"அனுஷ்கா, வா. வெள்ளிக்கிழமை பிராக்டிக்கல்" என்றார் டீச்சர். வாசலில் நின்று கூப்பிட வேண்டியதைக் காட்டில் நின்று கூப்பிட்டார்.

அவள் அம்மா கட்டுப் போட்ட கையோடு வந்தாள். "பேரை எடுக்கலையா டீச்சர்? இதை நீங்க சனிக்கிழமையே வந்து சொல்லியிருந்தா இவ ஏறியிருக்கவே மாட்டா" என்று மட்டும் சொன்னாள். கங்காணியிடம் பால்பாண்டி பேசி, அவளுக்குக் கை சரியாகும் வரை உட்கார்ந்து காய் பிரிக்கிற வேலை கேட்டுக் கொடுத்தான். பரீட்சை முடியும் வரை அனுஷ்கா சங்கிலியம்மாள் வீட்டில் சாப்பிட்டுக்கொள்வது என்று ஏற்பாடு.

இறங்கும்போது அனுஷ்கா டீச்சருக்குப் பக்கத்தில் இருந்தாள். முதல் வளைவு தாண்டியதும் கேட்டாள்.

"சனிக்கிழமை ஏன் டீச்சர் வரல?"

சண்முகராஜ் முன் சீட்டில் இருந்தார். கேட்காத மாதிரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மறைத்து இனி என்ன ஆகப்போகிறது என்று டீச்சருக்கு அலுத்துவிட்டது.

"வந்தேன்மா. பாதி வழியில இந்தா உக்காந்திருக்காரே, இந்த சாரைப் பாத்தேன். இவருக்கு மட்டும் எல்லாரும் கை தட்டுறாகன்னு வயித்தெரிச்சல். திரும்பிப் போயிட்டேன். தப்பு என் மேலதான்."

பால்பாண்டி சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டான். பிறகு சண்முகராஜ் திரும்பாமலே சொன்னார்.

"எனக்கு உங்களப் பாத்து வேலைக்குச் சேந்த நாள்லருந்து வயித்தெரிச்சல் டீச்சர். வந்த புதுசுல ஒரு வேலைய எடுத்தேன். விளையாட்டு விழாவுக்கு மைக் செட்டு. நான் போயிப் பாக்குறதுக்குள்ள நீங்க பேசி முடிச்சுட்டு வந்துட்டீக. அடுத்து ஒண்ணு எடுத்தேன், அதுவும் அப்படித்தான். நமக்கு இங்கன என்ன வேலைன்னு அன்னைக்கு முறுக்கு வாங்கித் தின்ன ஆரம்பிச்சவன்தான்."

அந்த மைக் செட்டு டீச்சருக்கு நினைவிருந்தது. சீக்கிரம் முடித்துவிட்டோம் என்று அன்றைக்குப் பெருமைப்பட்டதும் நினைவிருந்தது.

அனுஷ்கா வெள்ளிக்கிழமை செய்முறைத் தேர்வில் உட்கார்ந்தாள். அடுத்த திங்கட்கிழமை லத்திபா, "அனுஷ்கா?" என்றார்.

"ஆச்சு" என்றார் ராஜமணி டீச்சர். "சண்முகராஜ் சார்தான் முடிச்சாரு."

எல்லோரும் கை தட்டினார்கள். டீச்சரும் தட்டினார். எரிச்சல் போய்விட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். கொஞ்சம் எரியத்தான் செய்தது.

"அடுத்து, மாடிப்படிக் கைப்பிடி ஆடுது. சின்னப் பிள்ளைக விழுந்துரும். யாரு செய்யிறது?" என்று லத்திபா கேட்டார்.

ராஜமணி டீச்சரின் வாய் தானாகத் திறந்தது. கம்பத்தில் எந்த வெல்டர், என்றைக்கு வருவார், எப்படிப் பேசினால் மசிவார் என்பது வரை அவருக்குத் தெரியும். நாளைக் காலைக்குள் முடித்துவிடலாம். "நா" என்பது வரைக்கும் வந்துவிட்டது. அதைக் கஷ்டப்பட்டு விழுங்கிவிட்டு, கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். யாரும் பேசவில்லை. யாருமே பேசமாட்டார்கள், அந்தக் கைப்பிடி பிடுங்கிக்கொண்டு விழத்தான் போகிறது என்று அவருக்கு நெஞ்சு பதறியது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

"நான் செய்யிறேன் மேடம்" என்றார் நதியா. இதுவரை எதற்கும் வாய் திறக்காதவர்.

"என்ன உதவி வேணும்னாலும் கேளு" என்று ராஜமணி டீச்சர் சொன்னார். சொல்லும்போதே நதியா மேல் லேசாகப் பொறாமை வந்துவிட்டது.